அடிச்ச மருந்தா, துன்ற மருந்தா

எனது பெயர் ராமசெல்வி. வயது 33. தந்தை பெயர் சுடலைமுத்து, காலமாகிவிட்டார். ராயபுரம் கல்மண்டபம் பகுதியில், என் தந்தை முன்பு மளிகைக் கடை வைத்திருந்த கட்டடத்தின் மாடியில், தாயாருடன் குடியிருந்து வருகிறேன். பூர்வீகம் திருச்செந்தூர் பக்கம். நான் பிறந்ததும் பி.காம். படித்ததும் இங்கேதான். திருவொற்றியூரில் உள்ள ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஒன்பது வருடங்களாக ஆவணப் பிரிவு எழுத்தராக வேலை செய்து வருகிறேன். இன்று 23.06.2025 திங்கட்கிழமை, இந்த வாக்குமூலத்தை நானாகவே கேட்டு வந்து தருகிறேன். நான் சொல்வது எனக்கே பாதகமாக முடியலாம் என்றும், சொல்லியே தீரவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் நீதித்துறை நடுவர் அவர்கள் எச்சரித்து, யோசிக்க ஒரு மணி நேரம் கொடுத்து வராந்தாவில் உட்கார வைத்தார்கள். யோசித்தேன். ஐந்து நாளாக அதைத் தவிர நான் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

கடந்த 18.06.2025 புதன்கிழமை காலை எங்கள் கிடங்கில் கன்டெய்னருக்குள் விஷவாயு தாக்கி பிரகாஷ், வயது 38, என்ற சுமைத் தொழிலாளி இறந்துபோனார். அவருடைய மேஸ்திரியும் மாமனாருமான எத்திராஜ், வயது 57, என்பவர், சரக்குச் சீட்டில் எச்சரிக்கை எழுதியிருந்தும் படிக்காமல் கதவைத் திறக்கச் சொன்னார் என்று வழக்குப் பதிவாகி, இப்போது சிறையில் இருக்கிறார். சீட்டில் அந்த எச்சரிக்கை இல்லை. இல்லாமல் செய்தது நான்.

துறைமுகத்திலிருந்து எங்கள் கிடங்குக்கு வரும் கன்டெய்னர்களைப் பொட்டி என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஒவ்வொரு பொட்டிக்கும் உள்ளே என்ன சரக்கு, யாருடையது, எப்படிக் கையாள வேண்டும் என்ற விவரங்கள் ஒரு வெப்சைட்டில் வரும். அதை நான் கம்ப்யூட்டரில் திறந்து அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்குத்தான் சீட்டு என்று பெயர். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மேஸ்திரி பொட்டியைத் திறப்பார். அந்த வெப்சைட்டை எந்த ஊரில் உட்கார்ந்து யார் செய்தார்கள் என்று தெரியாது. செய்தவர் சீட்டு பிடித்து வேலை செய்த ஆளாக இருக்க முடியாது என்பது மட்டும் தெரியும். பதினாறு கட்டங்கள், எல்லாம் இங்கிலீஷ், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அச்சடித்தால் பாதி ஒரு தாளிலும் மீதி இன்னொரு தாளிலும் விழும்.

எத்திராஜ் அண்ணனுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. அதனால் ஒவ்வொரு சீட்டுக்கும் நான் கிடங்கு மாடியில் உள்ள என் அறையிலிருந்து இறங்கிப் போய்ப் படித்துச் சொல்லிவிட்டு வருவேன். சுமார் இரண்டரை வருடங்களுக்கு முன் ஒருநாள் அவர், "ஏன் செல்விம்மா, இந்த இங்கிலீஷு சீட்ட கையில வச்சிகினு நான் இன்னா பண்ண? தமிழ்ல ஒரு வரி போட்டுக் குடேன்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெப்சைட்காரர்களுக்கு மூன்று முறை மெயில் அனுப்பினேன். மூன்று முறையும், உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரே பதில் வந்தது. அதன் பிறகு அவர்களை நம்பிப் பயன் இல்லை என்று தெரிந்துகொண்டு, வீடியோக்கள் பார்த்து எக்ஸ்டென்ஷன் போடக் கற்றுக்கொண்டேன்.

எக்ஸ்டென்ஷன் என்றால் என்ன என்று நடுவர் அவர்கள் கேட்டதற்குச் சொல்வது. நாம் வெப்சைட் பார்க்கும் பிரவுசரில் சிறிய நிரல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் நம் திரைக்கு வந்து சேர்ந்ததும் அந்த நிரல் அதன் எழுத்தைப் பெரிதாக்கும், வேண்டாத கட்டத்தை மறைக்கும், ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைக் காட்டும். கடையில் வாங்கின சட்டையை நம் உடம்புக்குப் பிடித்துத் தைத்துக்கொள்வது மாதிரி. கடையில் தொங்கும் மற்றச் சட்டைகள் மாறுவதில்லை. அதாவது, என் கம்ப்யூட்டரில் தெரிவது ஒன்று, அதே பக்கத்தை மற்றவர்கள் திறந்தால் தெரிவது வேறு. போலீசார் விசாரணையில் அந்தப் பக்கத்தைத் தங்கள் போனில் திறந்து பார்த்தார்கள். அதில் எச்சரிக்கை இருந்தது. அதனால் எத்திராஜ் அண்ணன் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. அவர்கள் பார்த்தது கடைச் சட்டை.

நான் முதலில் ஒன்பது கட்டங்களை மறைத்தேன். அதன் பிறகு எழுத்தைப் பெரிதாக்கினேன். அதன் பிறகு இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று எழுதினேன். கிடங்கில் ஆட்கள் என்ன சொல்வார்களோ அதையே எழுதினேன். உடையும், ஈரம் ஆகாது, தலைகீழ் ஆகாது, இப்படி. பூச்சி, கறையான் வராமலிருக்கச் சில பொட்டிகளுக்குள் விஷப்புகை விட்டு மூடி அனுப்புவார்கள். வெப்சைட்டில் குறிப்புக் கட்டத்தில் ஃப்யூமிகேட்டட் என்று வரும். அப்படிப்பட்ட பொட்டியைக் கதவு திறந்து, ஒரு பகல் முழுக்கக் காற்றாட விட்டு, வாயு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் ஆள் ஏற வேண்டும். எங்கள் ஆட்கள் அதை மருந்து அடிச்ச பொட்டி என்பார்கள். அதனால் பட்டியலில் மருந்து அடித்தது என்று போட்டுப் பார்த்தேன். கட்டம் சிறியது, சொல் இரண்டு வரியாக உடைந்து சீட்டு மறுபடி இரண்டாம் தாளுக்குப் போனது. அதன்பேரில் அடித்தது என்பதை எடுத்துவிட்டு மருந்து என்று மட்டும் வைத்தேன். மருந்து என்றால் எல்லாருக்கும் புரிந்தது. ஒரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

அந்தச் சீட்டுக்கு ஆட்கள் செல்வி சீட்டு என்று பெயர் வைத்தார்கள். மற்ற மேஸ்திரிகளும் செல்வி சீட்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒன்பது வருட வேலையில் யாரும் என் பெயரை ஒரு பொருளுக்கு வைத்ததில்லை.

அதன் பிறகு, போன வருடம், மாத்திரை இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்று எங்கள் கிடங்குக்குப் புதிதாக வந்தது. சரக்குக் கட்டத்தில் ஃபார்மா என்று வர ஆரம்பித்தது. பட்டியலைத் திறந்து, கடைசி வரியில் ஃபார்மா என்றால் மருந்து என்று சேர்த்தேன். அதே சொல் பன்னிரண்டு வரி தள்ளி மேலே வேறு அர்த்தத்தில் இருப்பது எனக்கு உறைக்கவில்லை. மாத்திரை என்று போட்டிருக்கலாம். இந்த ஐந்து நாளில் அந்த ஒரு சொல்லை எத்தனை முறை சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

இதுவரை சொன்னதோடு நின்றிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. சரக்கில் மருந்து, குறிப்பில் மருந்து என்று இரண்டு இடத்தில் வந்தால் கேட்பவர் கேட்டிருப்பார். ஆனால் சரக்கு அனுப்புகிற சிலர் சோம்பேறித்தனமாகச் சரக்கின் பெயரையே குறிப்பிலும் அடித்துவிடுவார்கள். ஒருமுறை முந்திரிப் பொட்டி ஒன்றுக்கு முந்திரி, முந்திரி என்று சீட்டு வந்தது. எத்திராஜ் அண்ணன் அதை உயர்த்திப் பிடித்து, "உன் மிஷினுக்கு திக்குவாயா செல்விம்மா? ஒண்ணையே ரெண்டு தபா சொல்லுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிரகாஷும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. செல்வி சீட்டை ஒருவர் குறை சொல்வதா என்று இருந்தது. அன்று வேலை முடிவதற்குள் ஐந்து வரி எழுதினேன். சரக்கிலும் குறிப்பிலும் ஒரே தமிழ்ச் சொல் வந்தால் குறிப்பில் உள்ளதைக் காட்டாதே. அதுதான் அந்த ஐந்து வரியின் அர்த்தம். எழுதி, முந்திரிச் சீட்டை மறுபடி அடித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது.

சம்பவ நாளன்று காலை சுமார் 10.30 மணிக்கு மாத்திரைக் கம்பெனியின் பொட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கு முன் வந்த அவர்களுடைய பொட்டிகள் எதற்கும் புகை விட்டிருக்கவில்லை. இந்தப் பொட்டியில் சரக்கை மரச்சட்டங்கள் மேல் அடுக்கியிருந்ததால் மரத்துக்காகப் புகை விட்டிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. கதவில் ஒட்டியிருக்க வேண்டிய எச்சரிக்கைத் தாள் இருந்ததா, வழியில் கிழிந்து போனதா என்பது எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. சீட்டு அடித்துக் கீழே அனுப்பினேன். சரக்கு: மருந்து. குறிப்பு: காலி. காலி என்றால் உடனே திறந்து இறக்கலாம் என்று அர்த்தம்.

அதன் பிறகு சுமார் 10.40 மணிக்கு எத்திராஜ் அண்ணன் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, சீட்டை ஆட்டிக் காட்டி என்னைக் கூப்பிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"செல்விம்மா, மருந்துன்னு போட்டுகீதே. அடிச்ச மருந்தா, துன்ற மருந்தா?"

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது.

"தின்னுற மருந்துதான் அண்ணே. தாராளமாத் தொறங்க."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த சீட்டை அடிக்க ஆரம்பித்தேன்.

பொட்டியில் பாதிக்குத்தான் சரக்கு இருந்தது, அதுவும் உட்கோடியில். அதைக் கட்டியிருந்த நாடாக்களை அவிழ்க்க எப்போதும் பிரகாஷ்தான் முதலில் ஏறுவார் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு மற்ற ஆட்கள் சொல்லி நான் அறிந்தது, கதவைத் திறந்ததும் அழுகின மீன் வாடை மாதிரி ஒன்று வந்திருக்கிறது. வேறு ஊராக இருந்தால் மாத்திரைப் பொட்டியில் மீன் வாடை ஏது என்று நின்று யோசித்திருப்பார்கள். எங்கள் கிடங்கின் சுவருக்கு அந்தப் பக்கம் கருவாடு காய்கிறது. அந்த வாடையை எங்களில் யாரும் ஒரு வாடையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

உள்ளே போன பிரகாஷ் இரண்டு நாடாவை அவிழ்த்துவிட்டு, மூன்றாவதில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாராம். விளையாடுகிறார் என்று நினைத்து வெளியே இருந்தவர் ஒருவர் விசில் அடித்திருக்கிறார். அதன் பிறகு எத்திராஜ் அண்ணன் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடி, மருமகனைக் காலைப் பிடித்து இழுத்து வந்து, வாசலிலேயே தானும் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தபோது இருவரும் தரையில் கிடந்தார்கள். பிரகாஷின் வலது கையில் நாடாவின் கொக்கி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் அவர் இறந்துவிட்டார். எத்திராஜ் அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

பிற்பகல் எங்கள் மேலாளர் ராமசுப்பு அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். அவர் எங்கள் ஊர்க்காரர். என் தந்தை இறந்த பிறகு எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் அவர்தான். அவர் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். குறிப்புக் கட்டத்தில் ஃப்யூமிகேட்டட் என்று இருந்தது. என் திரையில் காலியாக இருந்தது. நான் எக்ஸ்டென்ஷனை நிறுத்தினேன். ஒரு சொடுக்குதான். சொல் வந்து நின்றது. அது எங்கேயும் போயிருக்கவில்லை, காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அதன் பிறகு அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டு, சத்தம் போடாமல் பேசினார். "போனவன் போயிட்டான்மா. நீ ஒரு பொம்பளப் பிள்ள, உங்க அம்மாவுக்கு நீதான இருக்க. இந்தச் சனியன எடுத்துட்டு ஒரு சீட்டு அடிச்சுக் குடு. எத்திராஜுக்கு வயசாயிட்டு, கண்ணு தெரியாமத் தொறந்துட்டாருன்னு போயிரும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார், கிடங்கையும் சேர்த்து. நான் அடித்துக் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை. அந்தத் தாள்தான் காலையில் எத்திராஜிடம் தரப்பட்ட சீட்டு என்று போலீசாரிடம் கொடுக்கப்பட்டது. அது முழுக்க இங்கிலீஷ், அண்ணனுக்கு அது படிக்க வராது என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. காலையில் தந்த அசல் சீட்டை அண்ணாச்சி தன் மேசை இழுப்பறையில் வைத்ததைப் பார்த்தேன், அதன் பிறகு பார்க்கவில்லை. கோப்பில் இருக்கும் சீட்டின் மேல் ஓரத்தில் பிரவுசர் தானாக அடிக்கும் நேரம் பொடி எழுத்தில் இருக்கிறது. பிற்பகல் 2.17. பொட்டியைத் திறந்தது காலை 10.45-க்கு. அந்த நேரத்தையும் மறைத்து அடிக்க எனக்குத் தெரியும். மறைக்கவில்லை. இது நான் செய்த நல்ல காரியம் என்று சொல்ல வரவில்லை, அந்த நேரத்தில் அவ்வளவு தைரியம்தான் இருந்தது. எக்ஸ்டென்ஷனையும் அழிக்கவில்லை, நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரைக் கைப்பற்றினால் அந்த ஐந்து வரியையும் எழுதிய தேதியோடு பார்க்கலாம்.

மறுநாள் 19-ந் தேதி பிணவறைக்குப் போனேன். பிரகாஷின் மனைவி புஷ்பவல்லி அங்கே இருந்தார். அவர் எத்திராஜ் அண்ணனின் மகள். அதற்கு முந்தின மாலையே போலீசார் அவரிடம், உங்கள் தகப்பனார் சீட்டைப் படிக்காமல் திறக்கச் சொன்னார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டார்.

"எங்க நைனா இருபது வருஷமா கேக்காம ஒரு பொட்டியும் தொறந்ததில்லன்னு சொல்லிகினே இருப்பாரு. அன்னிக்கு உன்னாண்ட கேட்டாரா, கேக்கலியா? அத்த மட்டும் சொல்லு."

தெரியாது என்று சொன்னேன். ஆமாவா இல்லையா என்றுதான் அவர் கேட்டார். நான் தெரியாது என்றேன். என் மணிக்கட்டை மெதுவாக விட்டுவிட்டார்.

அன்று பிற்பகல் வியாசர்பாடி வீட்டுக்குப் பிரேதத்தைக் கொண்டு போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து எத்திராஜ் அண்ணனைப் போலீஸ் காவலோடு முகம் பார்க்கக் கூட்டி வந்தார்கள். நான் தெருமுனையில் நின்றிருந்தேன். புஷ்பவல்லி வாசலை மறித்து நின்றுகொண்டு, உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். எத்திராஜ் அண்ணன், நான் கேட்டேன் பாப்பா, கேட்டுட்டுத்தான் தொறந்தேன் என்று இரண்டு தரம் சொன்னார். அவர் அந்தக் கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைத்தான் தேடினார். நான் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் போய்விட்டேன். மகள் கதவைச் சாத்தினார். அதன் பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மருமகன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

இதைத் தனியாகப் போய்ப் புஷ்பவல்லியிடம் சொன்னால் போதாதா, ஏன் நீதிமன்றத்துக்கு வந்தாய் என்று நடுவர் அவர்கள் கேட்டதற்குச் சொல்வது. ஒரு தரம் பொய் சொன்ன வாய். அவர் எதற்கு நம்ப வேண்டும்? அப்பாவைக் காப்பாற்ற யாரோ பேசச் சொல்லி வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார். நீதிமன்ற முத்திரை வைத்த காகிதத்தில் இருந்தால் நம்புவார்.

இதனால் நானும் குற்றவாளி ஆவேன் என்று எனக்கு விளக்கப்பட்டது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. என் தாயாருக்கு நேற்றே சொல்லிவிட்டேன். ஒரு வேண்டுகோள் மட்டும். பிரகாஷுக்குப் பதினாறாம் நாள் காரியம் வரும் ஜூலை 3-ந் தேதி. அதற்குள் இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று புஷ்பவல்லியின் கையில் சேர வேண்டும். முழுவதையும் அவர் படிக்க வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன், கட்டம், பட்டியல் எல்லாம் அவருக்கு எதற்கு? அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கீழே இருக்கிறது.

மேலே உள்ளவற்றை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு சொன்ன உண்மை.

புஷ்பவல்லி, உங்கள் நைனா கேட்டார். நான்தான் திறக்கச் சொன்னேன்.

(ஒப்பம்) சு. ராமசெல்வி